வழக்கு முடியமுன் மேன்முறையீடு: 14 நாளுக்குள் பார்க்க வேண்டியவை

மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு கட்டளை பாதகமாக வந்துவிட்டால், பின்னேரமே கந்தோருக்கு வந்து நிற்பார்கள். "அண்ணை, ஜட்ஜ் ஐயா எங்கட பக்கத்தைக் கேக்கவேயில்லை. நாளைக்கே அப்பீல் போடுவம்." நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இலிகிதராக இருந்தே தலை நரைத்தவன். சட்ட ஆலோசனை சொல்வது ஐயாவின் வேலை. நாள் எண்ணுவதும் பத்திரம் சேர்ப்பதும் என் வேலை. மேன்முறையீடு பிழைத்துப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டளை பிழையா சரியா என்பதை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் கையில் இருப்பது எந்த வகைக் கட்டளை என்பதுதான் முதல் கேள்வி. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 754ஆம் பிரிவு இரண்டு வாசல் வைத்திருக்கிறது. தீர்ப்பு என்றால், அல்லது தீர்ப்பின் வலுவுள்ள கட்டளை என்றால், 754(1). யாரிடமும் அனுமதி கேட்காமல் உரிமையாக மேன்முறையீடு செய்யலாம். வழக்கின் நடுவில் வந்த மற்றக் கட்டளைகளுக்கு 754(2). அதில் மேல் நீதிமன்றத்திடம் முதலில் மேன்முறையீட்டு அனுமதி பெறவேண்டும். வாசல் மாறி நுழைந்தால் உங்கள் நியாயம் எவ்வளவு பெரிதானாலும் மனுவைத் தள்ளிவிடலாம்.

எது எந்த வாசல் என்று பார்க்க எங்கள் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். அந்த விண்ணப்பத்துக்கு நீதிபதி மறுபக்கமாக முடிவு சொல்லியிருந்தாலும் வழக்கு அதோடு முடிந்திருக்குமா? எந்தப் பக்கம் விழுந்தாலும் முடிந்திருக்கும் என்றால் அது தீர்ப்பு. ஒரு பக்கம் விழுந்தால் முடியும், மறுபக்கம் விழுந்தால் வழக்கு தொடரும் என்றால் அது வெறும் கட்டளை; அனுமதி வேண்டும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். உங்கள் வளவுக்குப் போகிற ஒழுங்கையை மறித்துப் பக்கத்து வளவுக்காரர் மதில் எழுப்புகிறார். வழிச்சுதந்திரம் கேட்டு வழக்குப் போட்டு, வழக்கு முடியும்வரை மதில் கட்டக்கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்கிறீர்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது. தந்திருந்தால் வழக்கு முடிந்திருக்குமா? இல்லை. மறுத்ததால் முடிந்ததா? அதுவும் இல்லை. ஒழுங்கை யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆகவே 754(2). இது எல்லோருக்கும் எளிதில் விளங்கும்.

விளங்காதது அடுத்த வகை. எதிராளி, "இந்த வழக்கைக் கேட்க இந்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கமே இல்லை" என்றோ, "காலம் கடந்துவிட்டது" என்றோ ஒரு பூர்வாங்க எழுவினா (முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி) போடுகிறார். 147ஆம் பிரிவின்படி நீதிபதி அதை முதலில் விசாரித்து, எதிராளி சொல்வதே சரியென்று வழக்கைத் தள்ளிவிடுகிறார். வழக்காளிக்கு வழக்கு செத்துப்போய்விட்டது. வழக்கேட்டில் கடைசிப் பக்கம் வந்தாகிவிட்டது. இதைவிட இறுதியான முடிவு எது என்று அவர் நினைப்பார். ஆனால் சோதனையைப் போட்டுப் பாருங்கள்: அந்த எழுவினாவுக்கு வழக்காளிக்குச் சாதகமாக விடை வந்திருந்தால் வழக்கு தொடர்ந்திருக்கும். எனவே இதுவும் கட்டளைதான், அனுமதி வேண்டும் என்பதே அந்தச் சோதனை தரும் விடை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1891இல் வந்த சலமன் எதிர் வோர்னர் வழக்கு விண்ணப்பத்தைப் பார், அதாவது மேலே சொன்ன சோதனையைப் போடு என்றது. 1903இல் பொஸ்சன் வழக்கு, வந்த கட்டளை உரிமைகளை முடித்துவிட்டதா என்று மட்டும் பார் என்றது. இங்கே 1984இல் சிறிவர்த்தன எதிர் எயார் சிலோன் வழக்கில் நீதியரசர் சர்வானந்தா இரண்டாவது பக்கம் சாய்ந்தார். பிறகு 2011இல் செட்டியார் எதிர் செட்டியார் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் முறையே சரியென்றார்கள். 2017இல் ஏழு நீதியரசர்கள் இருந்து அதையே உறுதிப்படுத்தினார்கள். எங்கள் ஊரில் பழைய சட்ட அறிக்கைகளை வைத்துக்கொண்டு கதைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்; 1984இல் சொன்னதைக் காட்டி யாராவது தைரியம் தந்தால் மேலே உள்ள வருடங்களைச் சொல்லிக் கேளுங்கள். சட்டக்கோவையும் அடிக்கடி திருத்தப்படுகிறது. பதிவாளர் கந்தோரில் இருக்கும் பழைய பிரதியைப் பார்த்து முடிவெடுக்காமல், சட்டத்தரணியிடம் இன்றைய வாசகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருக்கும்போது என்ன செய்வது? இரண்டையும் போடுங்கள். மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்கவும் 14 நாள், அனுமதி கேட்கும் மனுவுக்கும் 14 நாள். காலம் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே கிழமையில் செய்துவிடலாம். அனுபவமுள்ள சட்டத்தரணிகள் எல்லைக்கோட்டில் நிற்கும் கட்டளைகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். செலவு கொஞ்சம் கூடும். வாசல் மாறிப்போய் நாலு வருடம் கழித்துத் தெரிய வருவதைவிட அது மலிவு.

பங்குபிரிப்பு வழக்குக்காரருக்குத் தனியாக ஒரு சொல். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்மானிப்பது இடைக்காலத் தீர்ப்பு. பெயரைப் பார்த்து, வழக்கு இன்னும் முடியவில்லைத்தானே, கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பங்கு அந்தக் கட்டத்தில்தான் தீர்கிறது. அதற்கு எதிராக அப்போதே 754(1)இன் கீழ் நேரடியாகப் போகவேண்டும். அதன் பிறகு நில அளவையாளர் துண்டு போட்டு, எந்தத் துண்டு யாருக்கு என்று 36ஆம் பிரிவில் வருகிற கட்டளைக்கு எதிராகப் போவதென்றால் 36A பிரிவின்படி அனுமதி வேண்டும். கிணறு எந்தத் துண்டுக்குள் விழுந்தது, படலை எந்தப் பக்கம் என்ற சண்டையெல்லாம் இந்த இரண்டாம் கட்டத்துக்குரியவை. அங்கே நின்றுகொண்டு பங்கின் அளவைக் கிளறினால் எடுபடாது.

இனி நாள் எண்ணும் விசயம்.

14 நாள் தொடங்குவது கட்டளை திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட நாளிலிருந்து. பிரதி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. சொல்லப்பட்ட நாளைக் கழிக்கவேண்டும். ஞாயிறுகளையும் பொது விடுமுறைகளையும் கழிக்கவேண்டும். மனு கொடுக்கும் நாளும் கழிபடும். சனிக்கிழமை கழிபடாது. இங்கேதான் பலர் சறுக்குவது. ஒரு திங்கட்கிழமை கட்டளை வருகிறது, அந்தக் கிழமை வியாழன் போயா என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் 1, புதன் 2, வியாழன் இல்லை, வெள்ளி 3, சனி 4. ஞாயிறு இல்லை. அடுத்த கிழமை திங்கள் முதல் சனி வரை 10. மூன்றாம் கிழமை வியாழக்கிழமை 14. மனு கொடுக்கும் நாளைக் கழித்தால் வெள்ளிக்கிழமை வரை இழுக்கலாம் என்று கணக்கு வரும். அந்த வெள்ளிக்கிழமையை நம்பி நான் எந்தப் பைலையும் வைத்ததில்லை. எங்கள் கந்தோரில் சுவர்க் கலண்டரில் பென்சிலால் எண் போட்டு, 10ஆம் நாளைச் சிவப்பால் வட்டமிடுவது வழக்கம். எங்களுக்கு 10தான் கடைசி நாள்.

இன்னும் இரண்டு பொறி. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வருகிற நீதிமன்ற விடுமுறை பொது விடுமுறை அல்ல. வழக்குகள் கூப்பிடப்படாவிட்டாலும் உங்கள் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். நல்லூர்த் திருவிழாக் காலமும் ஓகஸ்டை ஒட்டித்தான் வரும். தேருக்கு ஊரே கடை பூட்டினாலும் சட்டக் கணக்கில் அது ஒரு நாள். அடுத்தது: 754(1)இன்படி நேரடியாகப் போகிறவர் அறிவித்தலை 14 நாளில் மாவட்ட நீதிமன்றத்தில் கொடுத்தபின், மேன்முறையீட்டு மனுவைத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் கொடுக்கவேண்டும். அந்த 60இல் ஞாயிறும் உண்டு, போயாவும் உண்டு. எதையும் கழிக்க முடியாது. அறிவித்தலைக் கொடுத்த நிம்மதியில் மனுவை மறந்தவர்களின் பைல்கள் எல்லாக் கந்தோரிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

அனுமதி மனுவை எங்கே கொடுப்பது? சட்டக்கோவையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று இருப்பதைப் படித்துவிட்டுக் கொழும்பு பஸ் ஏறவேண்டாம். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் அந்த அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது. மல்லாகமோ பருத்தித்துறையோ யாழ்ப்பாணமோ, எங்கள் மாவட்ட நீதிமன்றக் கட்டளைகளுக்கு எதிரான அனுமதி மனு யாழ்ப்பாணத்திலுள்ள குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: நேரடி மேன்முறையீட்டின் அறிவித்தல் கீழ் நீதிமன்றத்தில், அனுமதி மனு நேராக மேல் நீதிமன்றத்தில். இரண்டையும் போடுகிறவர் இரண்டு இடத்துக்கும் போகவேண்டும்.

கட்டளை வந்த அன்றே, நீதிமன்ற வளவைவிட்டு வெளிக்கிடமுன், அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பம் கொடுங்கள். கட்டளைக்கு மட்டும் கேட்காமல் வழக்குரை, மறுமொழி, சம்பந்தப்பட்ட சத்தியக் கடதாசிகள், அடையாளமிட்ட ஆவணங்கள், வழக்கேட்டுக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கேட்டுக் குறிப்பைக் கேட்க மறப்பார்கள். எந்தத் தவணையில் யார் என்ன சொன்னார்கள் என்பது அதில்தான் இருக்கும். தட்டச்சுக்காரரிடம் ஏற்கனவே ஒரு அடுக்கு வேலை கிடக்கும். நாளைக்கு வரச்சொன்னால் நாளைக்குப் போய் நில்லுங்கள். முகம் தெரிந்தால் பைல் கொஞ்சம் மேலே வரும். இது சட்டப் புத்தகத்தில் இல்லை. பிரதி நாளுக்குள் கிடைக்காது போலிருந்தால், விண்ணப்பித்த திகதியை மனுவில் சொல்லி, கையில் உள்ளதை இணைத்து, மிச்சத்தைப் பிறகு சேர்க்க அனுமதி கேட்டு மனுவைக் கொடுத்துவிடவேண்டும். பிரதிக்காகக் காத்திருந்து நாளை விடக்கூடாது.

மனுவில் இருக்கவேண்டியதை 757ஆம், 758ஆம் பிரிவுகள் சொல்கின்றன: இலக்கமிட்ட பந்திகளில் கட்டளையின் பிழைகள், கேட்கும் நிவாரணம், துணைக்குச் சத்தியக் கடதாசி, எதிர்ப்பகுதியினர் எத்தனை பேரோ அத்தனை பிரதிகள். எழுதுவது சட்டத்தரணி. நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டு. ஒன்று, உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறதா என்பது. ஒழுங்கை வழக்கில் முன்பு இணக்கசபையில் ஏதும் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தால் அதைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். எதிர்ப்பகுதி அதை எடுத்துக் காட்டினால், விசயத்தை மறைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக மனு போய்விடும். மற்றது, வழக்கை நிறுத்திவைப்பது. அனுமதி மனு கொடுத்துவிட்டதால் மாவட்ட நீதிமன்ற வழக்கு தானாக நிற்காது. அடுத்த தவணைக்கு வழக்கு கூப்பிடும், விளக்கம் (விசாரணை) நடக்கும். நிறுத்தவேண்டுமென்றால் இடைக்கால நிறுத்தக் கட்டளையை மனுவில் தனியாகக் கேட்கவேண்டும், ஏன் அவசரம் என்றும் காட்டவேண்டும். மதில் எந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்று திகதியோடு எடுத்த படங்கள் இதற்கு உதவும்.

சத்தியக் கடதாசியைக் கையில் எடுத்துக் கடைசிப் பந்தியைப் படியுங்கள். இந்தக் கடதாசி வாசித்து விளங்கப்படுத்தப்பட்டு, இந்த இடத்தில், இந்தத் திகதியில் என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது என்று இருக்கும். இடமும் திகதியும் வெறுமையாக விட்டு, பிறகு நிரப்புவோம் என்று சமாதான நீதவானிடம் முத்திரை குத்தி வாங்குகிற பழக்கம் ஊரில் உண்டு. வேண்டாம். உங்கள் வழக்கில் உங்களுக்காகத் தோன்றும் சட்டத்தரணியே சத்தியப்பிரமாண ஆணையாளராக அதில் ஒப்பமிடக்கூடாது. பக்கத்துக் கந்தோருக்குப் போங்கள்.

வழக்காளி கனடாவில் இருக்கிறார் என்றால் 14 நாள் என்பது ஒன்றுமே இல்லை. அங்கே கையெழுத்து வைத்து, அத்தாட்சிப்படுத்தி, கடதாசி இங்கே வந்து சேரப் போதாது. எங்கள் ஊரில் பாதிக் காணி வழக்கு இப்படித்தான்: உறுதி ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் பெயரில், வழக்கு நடத்துவது இங்கே இருக்கும் தம்பி. அற்றோணித் தத்துவம் முறையாகப் பதிந்து வழக்கேட்டில் சேர்த்திருந்தால், அவர் தன் அறிவுக்கு எட்டியவற்றைத் தானே சத்தியக் கடதாசியாகக் கொடுக்கலாம். அந்தத் தத்துவத்தில் மேன்முறையீடு செய்யும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கட்டளை வந்தபிறகு பார்க்கவேண்டாம்.

கையெழுத்து விசயத்தில் இன்னொன்று. கீழ் நீதிமன்றத்தில் உங்களுக்குப் புறொக்சி (உங்களுக்காக வழக்கு நடத்தும் அதிகாரப் பத்திரம்) போட்ட சட்டத்தரணி ஒருவர் இருக்கும்வரை, மேன்முறையீட்டு அறிவித்தலில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். தோற்ற கோபத்தில் வேறொருவரிடம் ஓடி, பழைய புறொக்சியை நீக்காமலே புதியவர் கையெழுத்திட்டால், எதிர்ப்பகுதிக்கு முதல் ஆட்சேபனை வலிய வந்து கிடைத்தமாதிரி. மாற்றுவதென்றால் மாற்றுங்கள், நீதிமன்ற அனுமதியோடு நீக்கிவிட்டு மாற்றுங்கள். சின்னச் சின்னக் குறைகளை, எதிர்ப்பகுதிக்குப் பாதிப்பு இல்லையென்றால், 759(2)இன் கீழ் மன்னிக்கலாம். அதை முதலே நம்பிக்கொண்டு வேலை செய்யக்கூடாது.

இவ்வளவும் எப்படிப் போவது என்பதற்கு. போகவேண்டுமா என்று கேட்டால், என் அபிப்பிராயம், பத்துக்கு ஏழு கட்டளைக்குப் போகத் தேவையில்லை. ஒரு ஆவணத்தைப் பிறகு ஒப்புவிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டார், ஒரு கேள்வியை விடவில்லை, ஒரு எழுவினாவைச் சேர்க்கவில்லை என்பதற்கெல்லாம் மேலே ஓடினால் பிரதான வழக்குத்தான் வருடக்கணக்கில் படுக்கும். இப்படியான கட்டளைகளை அப்போது விட்டுவிட்டு, வழக்கு முடிந்து தீர்ப்பு எதிராக வந்தால் இறுதி மேன்முறையீட்டில் சேர்த்துக் கேட்கலாம் என்பது நெடுங்காலமாக எங்கள் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட வழி. ஆட்சேபனையை அன்றே வழக்கேட்டில் பதிய வையுங்கள், அது போதும். இப்போதே போகாவிட்டால் பிறகு போயும் பிரயோசனமில்லை என்ற கட்டளைக்குத்தான் 14 நாள் ஓட்டம் ஓடவேண்டும். மதில் எழும்பிவிடும், காணி கைமாறிவிடும், மரம் தறித்துவிடுவார்கள் என்பவை அப்படியானவை.

தடையுத்தரவிலும் எல்லாவற்றுக்கும் மேலே போகவேண்டியதில்லை. உங்களைக் கேட்காமல், எதிர்ப்பகுதி சொன்னதை மட்டும் கேட்டு முதலில் தருகிற தடை 664ஆம் பிரிவின்படி ஒரு முறைக்கு 14 நாளுக்கு மேல் போகாது. பிறகு நீடிக்கக் காரணம் காட்டவேண்டும். இடைக்காலத் தடை வந்தபின்னும் 666ஆம் பிரிவின்படி அதே நீதிமன்றத்திடம் அதை நீக்கவோ மாற்றவோ கேட்கலாம். உங்கள் பக்கத்து ஆவணங்களை நீதிபதி இன்னும் பார்க்கவேயில்லை என்றால் அதுதான் கிட்டின வழி. எல்லாவற்றையும் பார்த்தபிறகும் பிழையாக முடிவெடுத்தார் என்றால் மேலே போங்கள். அங்கே முதல் நோக்கில் வழக்கு இருக்கிறதா, யாருக்குக் கூடுதல் இடைஞ்சல், நடத்தை எப்படி என்று 1981இல் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க எதிர் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வழக்கில் வகுத்த படிகளை வைத்தே பார்ப்பார்கள். "எங்களைக் கேட்கவில்லை" என்பதைவிட "இந்தப் படியை நீதிபதி பார்க்கவேயில்லை" என்று காட்டுவது எடுபடும்.

நாள் தவறிவிட்டால் மீளாய்வு மனு, அதாவது கீழ் நீதிமன்றக் கட்டளையை மேலே திரும்பப் பார்க்கக் கேட்கும் மனு, ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் நாட்கணக்கு இல்லை. ஆனால் மேன்முறையீட்டு வழி இருந்தும் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். விசேட சூழ்நிலை காட்டவேண்டும் என்று ருஸ்தோம் எதிர் ஹப்பங்கம வழக்கிலிருந்து சொல்லிவருகிறார்கள். தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும்.

மேன்முறையீடு என்ற வழியே இல்லாத ஒரு இடமும் உண்டு. வேலி தள்ளிப் போட்டார்கள், கதியாலைப் பிடுங்கினார்கள் என்று பொலிசுக்குப் போய், பொலிஸ் 66ஆம் பிரிவில் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிற காணிப் பிணக்கு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 74(2) பிரிவு அந்தக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு இல்லை என்று நேராகச் சொல்கிறது. 14 நாளை எண்ணிக்கொண்டு இருக்கவேண்டாம். மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு போடுங்கள், அல்லது காணியின் உரித்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போடுங்கள். 66இல் தீர்வது இப்போதைக்கு யார் இருப்பது என்பது மட்டும்தான்.

காசு இல்லையென்று 14 நாளையும் வீட்டில் இருந்து கழிக்கவேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் நிலையம் இருக்கிறது. கட்டளை வந்த அடுத்த நாளே போனால்தான் அவர்களாலும் ஏதும் செய்யமுடியும். 12ஆம் நாள் பைலோடு போய் நின்றால் யாருக்கும் கஷ்டம்.

யாழ்ப்பாண மேல் நீதிமன்றமும் எதிராகச் சொல்லிவிட்டால் அடுத்தது கொழும்பில் உயர் நீதிமன்றம். அங்கேயும் அனுமதி வேண்டும். காலம் 42 நாள். இந்த முறை விடுமுறை கழிக்கிற வேலையில்லை. எங்கள் வழக்கேடு தமிழில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு நாள் பிடிக்கும். உறுதியும் கட்டளையும் சாட்சியமும் நூறு பக்கம் தாண்டினால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் முதல் கிழமையிலேயே கொடுத்துவிடுங்கள்.